பாயில் படுத்த பிறகு எதைக் கவனிப்பது? பிலாட்டீஸ் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு வீட்டு மாடியில் காலையும் மாலையும் சிறு குழுக்களுக்கு பிலாட்டீஸ் தரைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். காலை எப்படித் தூக்குவது என்று கேட்டால் பதில் எளிது, செய்து காட்டிவிடலாம். “கவனமாகச் செய்யுங்கள் என்கிறீர்களே, எதைக் கவனிப்பது?” என்று கேட்டால்தான் வகுப்பு முடிந்த பிறகும் மாடிப்படியில் நின்று பேச வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசியவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிலாட்டீஸ் ஓர் உடற்பயிற்சிதானே? இதில் மனத்துக்கு என்ன வேலை?

இதை உருவாக்கியவர் சூட்டிய பெயரிலேயே பதில் இருக்கிறது. ஜோசப் பிலாட்டீஸ் தன் முறையைத் தன் பெயரால் அழைக்கவில்லை. ‘கன்ட்ராலஜி’ என்றார், கட்டுப்பாட்டுக் கலை என்று நாம் பொருள் கொள்ளலாம். தசைகளை மனம் ஆள வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. 1883இல் ஜெர்மனியின் மான்செங்கிளாட்பாக் நகரில் பிறந்த அவர், ஆஸ்துமாவும் எலும்பு மெலிவு நோயும் வாதக் காய்ச்சலும் வாட்டிய நோஞ்சான் பிள்ளை. தன் உடலைத் தானே சீர்செய்துகொள்ள வேண்டிய நிலையில் வளர்ந்தவர். முதல் உலகப் போர் மூண்டபோது இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் பகைநாட்டுக் குடிமகனாகப் பிடித்து அடைக்கப்பட்டு, ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தார். 1926இல் நியூயார்க்கில் குடியேறி, துணைவி கிளாராவோடு எட்டாவது அவென்யூவின் 939ஆம் எண் கட்டடத்தில் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகளின் வட்டத்திலிருந்து அடிபட்ட காலோடும் பிடித்துக்கொண்ட முதுகோடும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். 1967இல் அவர் இறந்த பிறகும் கிளாரா அந்தக் கூடத்தைத் தொடர்ந்து நடத்தினார்.

1945இல் வெளியான அவருடைய நூலில் 34 தரைப் பயிற்சிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு அவர் குறித்திருக்கும் எண்ணிக்கை ஒற்றை இலக்கம்தான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு குறைவாகச் செய்தால் உடம்பு எப்படித் தேறும் என்று நினைத்தேன். சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகே அதன் நியாயம் விளங்கியது. ஓர் அசைவை முழுக் கவனத்தோடு ஐந்து முறை செய்யலாம். இருபது முறை செய்யச் சொன்னால் எட்டாவது முறைக்குப் பிறகு வாய் எண்ணிக்கொண்டிருக்கும், கால் ஆடிக்கொண்டிருக்கும், ஆள் அங்கே இருக்க மாட்டார்.

மனக்குவிப்பு, கட்டுப்பாடு, மையம், துல்லியம், மூச்சு, ஓட்டம் என்று ஆறு கோட்பாடுகள் சொல்கிறார்களே, அவர் எழுதியவைதானா?

இந்தப் பட்டியல் அவருடையது அல்ல. அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1980இல், பிலிப் ஃப்ரீட்மன், கெயில் ஐசன் என்ற இருவர் தங்கள் நூலில் வகுத்துக் கொடுத்தது. கருத்துகள் அவர் எழுத்திலும் கூடத்திலும் இருந்தவைதாம். ஆனால் ஆறு என்ற எண்ணிக்கையை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, ஒன்று குறைந்தால் அது பிலாட்டீஸே இல்லை என்று வாதிடுவதில் எனக்கு நாட்டம் இல்லை.

உடல் உணர்வு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வலது கையைத் தலைக்கு மேல் எங்காவது நீட்டுங்கள். இப்போது இடது ஆள்காட்டி விரலால் வலது கட்டைவிரலைத் தொடுங்கள். தொட்டுவிடுவீர்கள், அல்லது மிக அருகில் போய்விடுவீர்கள். பார்க்காமல் அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்த அறிவைத்தான் சொல்கிறேன்.

ஐம்புலன் என்று நாம் எண்ணும் கணக்கில் இது வருவதில்லை. 1906இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் இதற்குப் ‘புரோப்பிரியோசெப்ஷன்’ என்று பெயர் வைத்தார். நான் வகுப்பில் ‘இருப்புணர்வு’ என்று சொல்கிறேன்: எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற உணர்வு. தசைக்குள் பொதிந்திருக்கும் நூல் நூற்கும் கதிரின் வடிவிலான நுண்ணிய உறுப்புகள் தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதை மூளைக்குச் சொல்லியபடி இருக்கின்றன. தசைநாண்களில் இருப்பவை இழுவிசையைச் சொல்கின்றன. தோலும் மூட்டுகளும் தம் பங்குக்குச் செய்தி அனுப்புகின்றன. மண்டையோட்டின் அடியில், பிடரியின் உச்சியில் இருக்கும் குட்டித் தசைகளில் இந்தக் கதிர்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன. தலை எங்கே இருக்கிறது என்பதை உடல் அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் பிடரியைச் சரிபார்க்கச் சொல்லி நான் தொந்தரவு செய்வது அதனால்தான்.

இந்த உணர்வு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 1971இல் இங்கிலாந்தில் 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு நோய்த்தொற்றுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இருப்புணர்வும் அற்றுப்போயின. தசைகளுக்கு எந்தக் கேடும் இல்லை, வலுவும் இருந்தது. ஆனாலும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு, தன் கைகால்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் மனத்தால் திட்டமிட்டு, மீண்டும் நடக்கக் கற்றார். அறையில் விளக்கு அணைந்தால் அப்படியே சரிந்து விழுவார். காலையில் பல் துலக்கிக்கொண்டே வாசலில் வந்து நிற்கும் நமக்கு அவர் பட்ட பாடு புரிவது கடினம்.

நான் நேராகத்தான் படுத்திருக்கிறேன். நீங்கள் கோணல் என்கிறீர்கள். எதை நம்புவது, என் உணர்வையா, உங்கள் கண்ணையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் உணர்வு பொய் சொல்லவில்லை. ஆனால் அது பழகிய தராசு. கடைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். தராசின் முள் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நிறுவை தப்பாகத்தான் வரும். இருபது ஆண்டுகளாக வலது தோளில் பையை மாட்டியவருக்கு, வலது தோள் ஏறியிருப்பதுதான் சமநிலை. அதை இறக்கி நேராக்கினால், “ஐயோ, ஒரு பக்கம் தொங்குகிறதே” என்பார். சரியான நிலை தப்பாகத் தோன்றும் இந்த நேரம்தான் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த நேரம். அந்த ஒரு நொடியில் அவர் தன் தராசையே பார்த்துவிடுகிறார்.

டாஸ்மேனியாவில் 1869இல் பிறந்த எஃப். எம். அலெக்ஸாண்டர் என்ற மேடைக் கலைஞர் இதில் முட்டி மோதியவர். மேடையில் பேசப் பேசக் குரல் கம்மியது. ஏன் என்று அறியக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். பேச வாயெடுத்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்வதைக் கண்டார். திருத்தினார், திருத்திவிட்டதாகவே உணர்ந்தார். மேலும் இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது, முன்னைப் போலவே தலையை இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முறை வேறு, பிலாட்டீஸ் வேறு. ஆனால் ‘உணர்வது ஒன்று, நடப்பது ஒன்று’ என்ற அந்தக் கண்டுபிடிப்பு நம் பாயிலும் தினமும் நடக்கிறது.

நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2008இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அப்படிப்பட்ட சிலரிடம் தங்கள் முதுகு எப்படி இருப்பதாக உணர்கிறார்களோ அப்படியே வரையச் சொன்னார். வலியுள்ள பகுதியின் விளிம்பை அவர்களால் முழுதாக வரைய முடியவில்லை. அந்த இடம் தங்களுக்குப் பிடிபடவில்லை என்றார்கள்.

ஆகவே உணர்வை நம்புவதா வேண்டாமா என்று கேட்பதைவிட, அதைச் சோதித்துப் பழகுங்கள். வீட்டில் இப்படிச் செய்யலாம். தரையின் ஓடு சேரும் கோட்டை ஒட்டிப் பாயை விரியுங்கள். கண்ணை மூடிப் படுத்து, முழங்கால்களை மடக்கி, உங்களுக்கு நேர் என்று படும்வரை சரிசெய்யுங்கள். ‘இப்போது இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கின்றன, மூக்கு கூரையை நோக்கி இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள்; அல்லது வீட்டிலிருக்கும் ஒருவரைத் தலைமாட்டில் நின்று படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் வியப்பாக இருக்கும். முன்கூட்டியே சொல்வதுதான் இதில் முக்கியம். சொல்லாமல் பார்த்தால், ‘எனக்கு முன்பே தெரியும்’ என்று மனம் சமாதானம் சொல்லிவிடும்.

கவனத்தைத் தசையில் வைக்க வேண்டுமா? நான் அடிவயிற்றைக் கவனித்தால் கால் நடுங்குகிறது, காலைக் கவனித்தால் மூச்சு நின்றுவிடுகிறது.

நியாயமான குறை. பிலாட்டீஸ் ஆசிரியர்கள் பலரும், நான் உட்பட, ஒரே மூச்சில் ஆறு இடங்களைக் கவனிக்கச் சொல்லி மாணவரைத் திணறடித்திருக்கிறோம்.

1998இல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட ஒரு சோதனை என் சொல்லிக்கொடுக்கும் முறையையே மாற்றியது. பனிச்சறுக்கு அசைவைப் போன்ற ஓர் ஆடும் மேடைமீது ஆட்களை நிற்கவைத்தார்கள். ஒரு பிரிவினரிடம் தங்கள் பாதத்தின் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் பாதத்துக்குக் கீழே மேடையிலிருக்கும் சக்கரங்களை அழுத்துவதைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே சில அங்குல வித்தியாசம்தான். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். அதன்பின் பல அசைவுகளில் இதே போக்கு தென்பட்டிருக்கிறது: உறுப்பை நினைத்துக்கொண்டே செய்தால் அசைவு விறைக்கிறது, உறுப்பு எதைச் செய்து முடிக்க வேண்டுமோ அதை நினைத்தால் சரளமாக வருகிறது.

நம் ஊரில் இதை யாரும் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. இடுப்பில் நிறைகுடத்தோடு வரப்பில் நடக்கும் பெண் தன் இடுப்புத் தசையை நினைக்கிறாளா? குடத்துத் தண்ணீர் தளும்பக் கூடாது என்று நினைக்கிறாள். இடுப்பு தானாக வேண்டியதைச் செய்கிறது.

ஆகவே மல்லாந்து படுத்து ஒரு காலை மேலே நீட்டிச் சுழற்றும் ஒற்றைக்கால் வட்டப் பயிற்சியில், “இடுப்பெலும்பை ஆட்டாதீர்கள், அடிவயிற்றை இறுக்குங்கள், தொடையை மூட்டுக்குள் பொருத்துங்கள்” என்று மூன்று கட்டளை கொடுப்பதை விட்டுவிட்டேன். “உங்கள் அடிவயிற்றின்மேல் விளிம்புவரை நிறைந்த கிண்ணம் ஒன்று இருக்கிறது. சிந்தாமல், கால் பெருவிரலால் கூரையில் ஒரு தேங்காயளவு வட்டம் வரையுங்கள்” என்கிறேன். சிலருக்கு உண்மையிலேயே ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவேன்.

அப்படியானால் உள்ளே பார்க்கவே வேண்டாமா? வேண்டும். அதற்கு நேரம் வேறு. புதிதாக ஓர் அசைவைக் கற்கும்போது, அல்லது பழைய கோணலைத் தேடும்போது, மெதுவாக, கிட்டத்தட்ட அசையாமல், உள்ளே பார்க்க வேண்டும். எங்கே பாரம், எங்கே இடைவெளி, எது முதலில் புறப்படுகிறது? ஒரு விடை கிடைத்ததும் அதை ஒரு வெளி இலக்காக மாற்றிக்கொண்டு அசையுங்கள். நடனம் கற்பவர் அரைமண்டியை முதலில் முழங்கால் முழங்காலாகத் திருத்திக்கொள்கிறார். அரங்கேற்றத்தில் முழங்காலை நினைத்துக்கொண்டிருந்தால் பாவம் வராது. உடற்கூற்றைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், அசையும்போது அதை ஒப்பிக்காதீர்கள்.

‘தொப்புளை முதுகெலும்போடு ஒட்டுங்கள்’ என்பதை எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

கூடாது. இதற்குப் பின்னாலும் ஒரு கதை உண்டு. 1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் ஒன்றைக் கண்டறிந்தார்கள். நலமாக உள்ளவர் கையைத் தூக்குமுன்பே வயிற்றின் ஆழத்திலிருக்கும் குறுக்குத் தசை இயங்கிவிடுகிறது; முதுகுவலிக்காரர்களிடம் அது சற்றுத் தாமதமாகிறது. அழகான கண்டுபிடிப்பு. அது பயிற்சிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தபோது ‘எப்போதும் வயிற்றை உள்ளே இழு’ என்று சுருங்கிவிட்டது. அவர்கள் கண்டது நொடியின் சிறு பின்னத்தில் தானாக நிகழும் ஒரு தயாரிப்பு. நாளெல்லாம் இறுக்கிப் பிடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இறுக்கிப் பிடித்தவரை எளிதில் அடையாளம் காணலாம். மூச்சு மேல்மார்பில் அல்லாடும், தாடை கட்டிக்கொள்ளும், கால்விரல்கள் மடங்கும். செய்யும் வேலைக்கு வேண்டிய அளவு பிடி போதும். முட்டையைப் பிடிக்கும் கையும் அம்மிக்குழவியைப் பிடிக்கும் கையும் ஒன்றா?

மூச்சை எண்ணும்போதே மற்றவை எல்லாம் மறந்துபோகின்றன.

‘நூறு’ பயிற்சியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைகளை மேலும் கீழும் தட்டியபடி ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட்டு, அப்படிப் பத்துச் சுற்று. மொத்தம் நூறு தட்டு. தாளம் போட்டுக்கொண்டே பாடுவதைப் போன்ற வேலை இது. முதல் நாளே யாருக்கும் வராது.

கூறுபோட்டுப் பழகுங்கள். முதல் வாரம் தலையையும் காலையும் தூக்காமல், முழங்கால் மடக்கிப் படுத்து, மூச்சும் கையும் மட்டும். இரண்டு உள்ளங்கைகளையும் கீழ் விலாவின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்; மூச்சு உள்ளே போகும்போது விலா கைகளைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். முதுகுப்பக்க விலாவும் பாயை அழுத்தும். அதை உணராதவர்கள் நிறைய. மூச்சை விடுவதை அவசரப்படுத்தாதீர்கள். முழுக்க விட்டால் அடுத்த மூச்சு கேட்காமலே வந்துவிடும், ஆழ்ந்த வயிற்றுத் தசையும் அந்த விடும் மூச்சின் கடைசியில் தானாக விழித்துக்கொள்ளும். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிடுங்கள்.

மனம் அலைகிறது. பாயில் படுத்ததும் வீட்டுக்கணக்கும் அலுவலகமும் வந்துவிடுகின்றன. என்ன செய்வது?

‘கவனம் சிதறக் கூடாது’ என்று மனத்தை மிரட்டுவதால் பயன் இல்லை. அதற்கு ஒரு வேலை கொடுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரே ஒரு கேள்வி, ஆம் இல்லை என்று முடியாத கேள்வி.

எடுத்துக்காட்டாக, பாலம் போல இடுப்பைத் தூக்கி இறக்கும் அசைவு. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என்று முதுகெலும்பில் அசையும் கண்ணிகள் 24. இறங்கும்போது அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பாயைத் தொட வேண்டும், வாழையிலையை விரிப்பதைப் போல. கேள்வி இதுதான்: எந்த இடத்தில் இரண்டு மூன்று கண்ணிகள் சேர்ந்து ஒரே கட்டையாக விழுகின்றன? ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் உண்டு, பெரும்பாலும் புடவைக் கொசுவம் செருகும் உயரத்துக்கு நேர் பின்னால் அல்லது அதற்குச் சற்று மேலே. அந்த இடத்தைத் தேடத் தொடங்கியவருக்கு மளிகைக் கணக்கை நினைக்க நேரம் இருக்காது. கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி: அந்த இடத்துக்குச் சற்று முன்பே வேகத்தைப் பாதியாக்கினால் கட்டை இரண்டாகப் பிளக்கிறதா?

நானும் சில நாள்களில் முழு வகுப்பும் அலைந்துகொண்டே பயிற்சி செய்திருக்கிறேன். அன்றைக்கு எளிய அசைவுகளாகப் பத்து நிமிடம் செய்துவிட்டு எழுந்துவிடுவேன். மனம் வராத நாளில் கடினமான அசைவுகளைச் செய்து தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைவிட அது மேல்.

இது தியானத்திலிருந்தும் யோகாசனத்திலிருந்தும் எப்படி வேறுபடுகிறது?

ஆசனத்தில் ஒரு நிலைக்குப் போய் அங்கே தங்குகிறோம். பிலாட்டீஸில் ஓர் அசைவு முடியும் இடமே அடுத்ததின் தொடக்கம், தங்குவது அபூர்வம். தியானத்தில் அமைதியை நாடுகிறோம். இங்கே கவனம் ஒரு வேலைக்காக அழைக்கப்படுகிறது. யோகா பழகியவர்கள் இங்கே வரும்போது மூச்சிலும் பொறுமையிலும் முன்னே நிற்கிறார்கள், வேகத்திலும் தாளத்திலும் சற்றுத் தடுமாறுகிறார்கள். இரண்டையும் செய்யலாம், ஒன்றின் பெருமையை இன்னொன்றின் தலையில் வைத்து அளக்க வேண்டியதில்லை.

கண்ணாடி, பாட்டு, வீடியோ?

கண்ணாடி சோதிப்பதற்கு நல்லது, சார்ந்திருப்பதற்குக் கெட்டது. மூன்று முறை பார்க்காமல் செய்து, நான்காவது முறை பாருங்கள். பாட்டு வேண்டாம் என்பது என் சொந்த விருப்பம். பாட்டின் தாளம் மூச்சின் தாளத்தை விழுங்கிவிடுகிறது. வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்பவர்கள் திரையைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். முழுக்கப் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டு, பிறகு செய்யுங்கள்.

‘உடல் சொல்வதைக் கேளுங்கள்’ என்கிறார்கள். அதைக் கேட்டு நடந்தால் அடிபடாமல் தப்பிக்கலாமா?

எல்லோருக்கும் அது பொருந்தாது. உடல் உணர்வைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் எல்லையைச் சொல்லாவிட்டால் தவறு செய்தவளாவேன்.

எலும்புத் தேய்வு உள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு வலுவிழப்பது வலிக்காது. முதுகைச் சுருட்டி எழும்போது தசை இதமாக நீள்கிறது, உணர்வு ‘நன்றாக இருக்கிறது’ என்கிறது, உள்ளே முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கும் ஆபத்து ஏறிக்கொண்டிருக்கிறது. 1984இல் அமெரிக்காவில் மெஹர்ஷெய்ட் சினாகியும் பெத் மிக்கெல்சனும், முதுகெலும்பில் எலும்புத் தேய்வு உள்ள, மாதவிடாய் நின்ற 59 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்னே வளையும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய முறிவுகள் ஏற்பட்டிருந்தன. முதுகைப் பின்னே நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனால் பிலாட்டீஸின் பழைய 34 பயிற்சிகளில் முன்னே சுருளும் அசைவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் அந்த எண்ணை மறக்க முடியாது. மாதவிடாய் நின்றவர்களும் நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களும் எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான் சொல்வது இதனால். சுருளும் பயிற்சிகளை விட்டுவிட்டும் நல்ல வகுப்பு நடத்தலாம்.

மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகு உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ‘போதும்’ என்று உடல் சொல்லும் இடத்தில் இவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை. முழங்கையும் முழங்காலும் பின்னே வளைந்து பூட்டிக்கொள்வதையே நேர் என்று உணர்கிறார்கள். இவர்களுக்கு நான் எல்லையைக் கண்ணால் காட்டுகிறேன், சுவரில் ஒரு குறி வைத்து.

கால்வரை பாயும் வலி, மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, இவை பாயில் படுத்துக் கவனிக்க வேண்டியவை அல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் கழிந்தபின் நெடுநேரம் மல்லாந்து படுக்காமல், தங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதற்கென்று கற்ற ஆசிரியரிடம் மட்டும் பழகுங்கள்.

எனக்கு முதுகுவலி. முதுகைக் கவனிக்கக் கவனிக்க வலி கூடுகிறதே?

கூடும். வலியைக் காவல் காப்பதும் உடலை அறிவதும் வேறு வேறு. காவல் காப்பவர் ஒவ்வோர் அசைவிலும் ‘வலிக்கிறதா, வலிக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கேள்விக்கு உடல் தவறாமல் பதில் சொல்கிறது. கேள்வியை இடம் மாற்றுங்கள். முதுகு நோகும்போது பாதத்தைக் கவனியுங்கள்: பாலத்தில் இடுப்பைத் தூக்குகையில் பாரம் குதிகாலில் இருக்கிறதா, முன்பாதத்தில் இருக்கிறதா? அல்லது மூச்சு விலாவின் எந்தப் பக்கம் எளிதாகப் போகிறது?

பிலாட்டீஸ் முதுகுவலியைத் தீர்க்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மருத்துவச் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு 10 சோதனைகளை, மொத்தம் 510 பேரை, ஆராய்ந்தது. பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் பயன் தருகிறது என்றது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. இதை என் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். நடைப்பயிற்சி பிடித்தவர் நடக்கலாம்.

ரிஃபார்மர் போன்ற கருவிகள் இல்லாமல் உடல் உணர்வு வளருமா?

வளரும். ஸ்பிரிங் பொருத்திய அந்த நகரும் பலகையில் ஒரு வசதி உண்டு: உங்கள் இரண்டு கால்களும் சமமாகத் தள்ளாவிட்டால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். தரையில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை என்பதால் சொல்லும் பொருள்களை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். மடித்த துண்டு ஒன்று இடுப்பின் வளைவுக்குக் கீழே. சுவரில் ஊன்றிய பாதங்கள். ஒரு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி அடிவயிற்றின்மேல் வைத்தால் மூச்சின் ஏற்ற இறக்கத்தைப் புதியவரும் உடனே உணர்வார். விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருந்து ஓர் ஆண்டைக் கழித்தவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும்?

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், அரை மணி நேரமாவது செய்பவர்களிடம் சில வாரங்களில் நான் பார்ப்பது தசையில் வரும் மாற்றத்தை அல்ல. அவர்கள் சொல்லும் சொற்களில் வரும் மாற்றத்தை. முதல் நாள் “முதுகு வலிக்கிறது” என்று வந்தவர், ஆறாவது வாரத்தில் “இடது பக்கம், கடைசி விலாவுக்குக் கீழே, திரும்பும்போது மட்டும் பிடிக்கிறது” என்கிறார்.

ஓர் அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், ஒருநாள் வந்ததும் வராததுமாகச் சொன்னார். காந்திபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாராம். இத்தனை ஆண்டுகளும் இடது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு, வலது காலைச் சும்மா ஊன்றி நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்ததாம். “மாற்றி நின்றீர்களா?” என்று கேட்டேன். “மாற்றினேன். ரொம்பக் கோணலாக இருந்தது. பஸ் வரும்வரை அப்படியே நின்றேன்” என்றார்.